இருட்டறைச் சாமான்களை வீட்டிலேயே செய்வது: சென்னைக் குளியலறைக்கு ஏற்ற அளவுகளும் சோதனைகளும்

கறுப்பு வெள்ளைப் பிரிண்ட் போட வீட்டில் இருட்டறை அமைக்கிறவர் ரசாயனங்களை விட்டால் கடையில் வாங்கியே தீரவேண்டியவை இரண்டுதான்: என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) லென்ஸ், போட்டோ பேப்பர். மற்றதையெல்லாம் ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள், ஒரு பிளம்பிங் கடை, ஒரு அக்ரிலிக் கடை, ஒரு லேத் பட்டறை, இவ்வளவை வைத்தே செய்துவிடலாம். ஆனால் பேப்பர் டப்பாவோடு வரும் குறிப்புத்தாள் 20 டிகிரியை வைத்துப் பேசுகிறது. மே மாதத்தில் நம் குழாயில் வருவது 32, 34 டிகிரித் தண்ணீர். அதனால் மற்றவர்களின் அளவுகளை அப்படியே எடுக்க முடியாது. செய்த ஒவ்வொரு சாமானையும் ஒரு துண்டுப் பேப்பர் செலவழித்துச் சோதித்த பிறகே நம்ப வேண்டும். அளவுகளோடு அந்தச் சோதனைகளையும் சேர்த்தே இங்கே எழுதுகிறோம்.

முதலில் அறை. குளியலறையின் லூவர் ஜன்னலுக்குத் துணி எதுவும் போதாது. மலிவான தார்ப்பாயில் நெசவின் இடுக்கு வழியே வெயில் ஊசிப் புள்ளிகளாக உள்ளே வரும். ஜன்னல் சட்டத்தின் அளவுக்கு 6 மி.மீ. பிளைவுட் வெட்டி, சுற்றிலும் ஃபோம் டேப் ஒட்டி அழுத்திப் பொருத்துங்கள். கதவுக்கு உள்பக்கமாக ரெக்சினை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டால் போதும். உச்சி வெயில் நேரத்தில் உள்ளே விளக்கை அணைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் வேண்டும். கையை நீட்டிப் பிடித்த வெள்ளைக் காகிதம் மங்கலாகவாவது தெரிந்தால் எங்கோ ஒளி கசிகிறது.

காற்று இதைவிட முக்கியம். மூடிய குளியலறையில் வியர்வை பேப்பர் மேல் சொட்டினால் அந்த இடம் கறையாகிவிடும். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வெளியே 110 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர் பி.வி.சி.) குழாயில் இரண்டு எல்போக்களை எதிரெதிர்த் திசையில் மாட்டினால் காற்று போகும், ஒளி வராது. அதற்குக் குழாயின் உள்சுவர் மங்கலான கறுப்பாக இருக்க வேண்டும். இதற்குக் கரும்பலகை பெயின்ட் நன்றாகப் பொருந்தும். பளபளப்பான எனாமல் கறுப்பு அடித்தால் ஒளி சுவரில் பட்டுத் தெறித்து வளைவுகளைத் தாண்டி உள்ளே வந்துவிடும். கதவின் கீழும் இதேபோல் ஒரு வழி வையுங்கள். காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் ஃபேன் சுற்றும், ஆனால் எதையும் இழுக்காது.

அடுத்து மின்சாரம். ஈரக் கையும் ஈரத் தரையுமாக வேலை செய்யும் அறைக்குள் 230 வோல்ட் வரவே கூடாது. சேஃப்லைட் (பேப்பரைப் பாதிக்காத சிவப்பு விளக்கு), என்லார்ஜர், டைமர் மூன்றையும் 12 வோல்ட்டில் வையுங்கள். யு.பி.எஸ்.களில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று போதும். கரன்ட் போனாலும் எக்ஸ்போஷர், அதாவது பேப்பருக்கு ஒளி காட்டுவது, பாதியில் நிற்காது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி 12.7 வோல்ட் காட்டும், வேலை நடக்க நடக்க 12-க்குக் கீழே இறங்கும். என்லார்ஜரில் நாம் வைக்கப்போகும் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பின் வெளிச்சமும் கூடவே இறங்கும். முதல் பிரிண்ட்டுக்கு எடுத்த நேரம் பத்தாவது பிரிண்ட்டுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். பேட்டரிக்கும் என்லார்ஜருக்கும் நடுவில் ஒரு பக்-பூஸ்ட் மாட்யூலை (உள்ளே வரும் வோல்ட் ஏறி இறங்கினாலும் ஒரே வோல்ட்டைத் தருவது) வைத்து வெளியீட்டை மல்டிமீட்டரில் பார்த்து 12.0-இல் நிறுத்துங்கள்.

சேஃப்லைட்டுக்குச் சிவப்புச் சாயம் பூசிய ஜீரோ வாட்ஸ் பல்பை மாட்டுவது பழைய வழக்கம். அதை நம்பாதீர்கள். சாயம் மெலிந்த இடங்களில் வெள்ளை ஒளி கசியும். வெள்ளை எல்.இ.டி. மேல் சிவப்பு பிளாஸ்டிக்கைச் சுற்றுவதும் அப்படித்தான். இயல்பிலேயே சிவப்பாக ஒளிரும் எல்.இ.டி. வேண்டும். 5 மி.மீ. சிவப்பு எல்.இ.டி. மூன்றை வரிசையாக இணைத்து 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் 12 வோல்ட்டில் சுமார் 13 மில்லி ஆம்பியர் ஓடும். இப்படி இரண்டு வரிசையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தால் சிறு அறைக்குத் தாராளம். வாங்கியதும் ஒரு பழைய சி.டி.யின் மினுமினுப்பான பக்கத்தில் அந்த ஒளியைப் பாருங்கள். சிவப்புப் பட்டை மட்டும் தெரிய வேண்டும். பச்சையோ நீலமோ ஒரு கோடு தெரிந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

சி.டி. சோதனை முதல் சல்லடை மட்டுமே. பேப்பரில் காசு வைத்துப் பார்க்கும் சோதனையைப் பலர் தவறாகச் செய்கிறார்கள். புதுப் பேப்பர் மேல் காசை வைத்து, சேஃப்லைட்டில் காட்டி, டெவலப் செய்து, தடம் தெரியவில்லை என்றதும் திருப்தியாகிவிடுகிறார்கள். பேப்பரில் நிறம் தெரிய ஒரு குறைந்தபட்ச ஒளி சேர வேண்டும். புதுப் பேப்பர் அந்த வாசலுக்குக் கீழே இருப்பதால் சேஃப்லைட்டின் சிறு கசிவைக் காட்டிக்கொடுக்காது. ஆனால் என்லார்ஜரில் படம் வாங்கிய பேப்பர் வாசலைத் தாண்டி நிற்கிறது. அதே கசிவு அங்கே வெளிர் பகுதிகளைச் சாம்பலாக்கும். எனவே முதலில் சேஃப்லைட்டையும் அணைத்து, நெகட்டிவ் இல்லாமல், வெள்ளையிலிருந்து கொஞ்சமே பிரித்தறியக்கூடிய வெளிர் சாம்பல் வருகிற எக்ஸ்போஷரைக் கண்டுபிடியுங்கள். நான்கு துண்டுப் பேப்பர்களுக்கு அந்த எக்ஸ்போஷரைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஐந்து ரூபாய்க் காசு வைத்து, வேலை செய்யும் இடத்திலேயே சேஃப்லைட்டில் 2, 4, 8, 16 நிமிடம் காட்டி, முழு இருட்டில் டெவலப் செய்யுங்கள். 8 நிமிடத் துண்டில் காசின் வட்டம் தெரிந்து 4 நிமிடத் துண்டில் தெரியாவிட்டால், உங்கள் சேஃப்லைட் 4 நிமிடத்துக்குத்தான் பாதுகாப்பு. அது போதாதென்றால் விளக்கை இன்னும் தள்ளி வையுங்கள்.

இனி என்லார்ஜர். பார்க்கப் பெரிய இயந்திரமாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது எளிய கணக்கு. லென்ஸின் குவியத் தூரத்தை எஃப் என்றும் பெரிதாக்கும் மடங்கை எம் என்றும் வைத்தால், லென்ஸிலிருந்து பேப்பர் வரை எஃப் × (1 + எம்). நெகட்டிவிலிருந்து லென்ஸ் வரை எஃப் × (1 + 1/எம்). 35 மி.மீ. நெகட்டிவுக்கு 50 மி.மீ. லென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 4 மடங்குக்கு, அதாவது ஏறக்குறைய 4×6 அங்குலப் பிரிண்ட்டுக்கு, பேப்பர் 250 மி.மீ., நெகட்டிவ் 62.5 மி.மீ. 8 மடங்குக்கு, அதாவது 8×10 பேப்பருக்கு, பேப்பர் 450 மி.மீ., நெகட்டிவ் 56.25 மி.மீ. இந்த இரண்டு அளவுக்கும் நடுவில் ஃபோகஸ் நகர்வது வெறும் ஆறேகால் மி.மீ. இதற்கு மடிப்புத் தோல் பெல்லோஸ் தேவையே இல்லை. ஒன்றுக்குள் ஒன்று நகரும் இரண்டு பி.வி.சி. குழாய்கள் போதும்.

75 மி.மீ. குழாயில் 40 மி.மீ. நீளத் துண்டு ஒன்று, 63 மி.மீ. குழாயில் அதே நீளத்தில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 3 மி.மீ. இடைவெளி இருக்கும். உள்குழாயைச் சுற்றிக் கறுப்பு வெல்வெட்டையோ ஃபெல்ட்டையோ இறுக்கமாக ஒட்டினால் ஒளியும் அடைபடும், வைத்த இடத்தில் நிற்கவும் செய்யும். திருகிக்கொண்டே ஏற்றி இறக்குவதுதான் ஃபோகஸ். லென்ஸ் பலகைக்கு 5 மி.மீ. ஹைலம் (கெட்டியான லாமினேட்) ஷீட். பெரும்பாலான 50 மி.மீ. என்லார்ஜர் லென்ஸ்களின் மரை எம் 39, அதாவது 39 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 26 புரி. லேத் பட்டறையில் லென்ஸையே கையில் கொடுத்து மரை போடச் சொல்லுங்கள். லென்ஸோடு வளையம் வந்திருந்தால் மரையே வேண்டாம். 39 மி.மீ.-க்குச் சற்றே பெரிய துளை போட்டுப் பின்னாலிருந்து வளையத்தை இறுக்கினால் ஆயிற்று.

தூணுக்கு ஸ்லாட்டட் ஆங்கிள் இரண்டை 19 மி.மீ. பிளைவுட் அடிப்பலகையில் நிறுத்தி, மேல்முனையைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். டிராயர் சேனலில், விளக்கும் லென்ஸும் உள்ள தலையை ஏற்றி இறக்கும் யோசனை எல்லோருக்கும் முதலில் வரும். அந்தச் சேனல்கள் பக்கவாட்டில் ஆடும், ஆட்டம் பிரிண்ட்டில் மங்கலாகத் தெரியும். ஆங்கிளின் துளைகளில் போல்ட் போட்டுக் குறிப்பிட்ட உயரங்களில் நிறுத்துவது அழகாக இருக்காது, ஆனால் அசையாது. இரண்டு மூன்று பிரிண்ட் அளவுகளைத்தான் வழக்கமாகப் போடுவோம் என்பதால் இதுவே எங்கள் தேர்வு.

ஒளிக்கு 12 வோல்ட் ஆர்.ஜி.பி. ஸ்ட்ரிப், மீட்டருக்கு 60 எல்.இ.டி. உள்ளது. அது 5 செ.மீ.-க்கு ஒருமுறை வெட்டக்கூடியது. 10 செ.மீ. நீளத் துண்டுகள் எட்டை 10×10 செ.மீ. அலுமினியத் தகட்டில் நெருக்கமாக ஒட்டினால் 48 எல்.இ.டி. வரும். அலுமினியம் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். தகட்டிலிருந்து 40 மி.மீ. கீழே 3 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக், அதற்கு 10 முதல் 15 மி.மீ. கீழே நெகட்டிவ். அக்ரிலிக்கை நெகட்டிவுக்கு மிக நெருக்கமாக வைத்தால் அதன் மேலுள்ள தூசியும் பிரிண்ட்டில் விழும். பெட்டியின் உள்சுவருக்கு மங்கலான வெள்ளை.

ஆர்.ஜி.பி. எதற்கு என்றால், கான்ட்ராஸ்ட்டை மாற்றிக்கொள்ளக்கூடிய மல்டிகிரேட் பேப்பரின் ரகசியம் அதில்தான் இருக்கிறது. நீல ஒளி கான்ட்ராஸ்ட்டைக் கூட்டும், பச்சை குறைக்கும். விலை கொடுத்து ஃபில்ட்டர் வாங்க வேண்டாம். பச்சையில் சில வினாடி, நீலத்தில் சில வினாடி என்று பிரித்துக் கொடுத்தால் எந்த கிரேடும் (கான்ட்ராஸ்ட் அளவும்) கைக்கு வரும். சிவப்பு பேப்பரைப் பாதிக்காது, ஆகவே பேப்பரை வைத்த பிறகும் சிவப்பை எரியவிட்டுப் படம் சரியாக விழுகிறதா என்று பார்க்கலாம். இந்த ஸ்ட்ரிப்பில் மூன்று நிறத்துக்கும் பாசிட்டிவ் ஒன்றுதான். சுவிட்சுகளை நெகட்டிவ் பக்கம் போடுங்கள். ஃபோகஸைப் பச்சையில் பாருங்கள். நீலத்தில் கண்ணுக்குக் கூர்மை பிடிபடாது. லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்து, எஃப் 8 என்ற அளவுக்கு மூடிப் பிரிண்ட் போடுங்கள்.

இதற்கும் சோதனை உண்டு. நெகட்டிவ் இல்லாமல் எஃப் 8-இல் நடுத்தரச் சாம்பல் வரும்படி ஒரு முழுத் தாளை எக்ஸ்போஸ் செய்யுங்கள். மூலைகள் லேசாக வெளிறியிருப்பது லென்ஸின் இயல்பு. ஆனால் திட்டுத்திட்டாக இருந்தால் எல்.இ.டி. தகடு அக்ரிலிக்குக்கு மிக அருகில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வெளிறினால் ஸ்ட்ரிப் துண்டு ஒன்று மங்கியிருக்கிறது, அல்லது பெட்டி நகர்ந்திருக்கிறது.

நெகட்டிவ், லென்ஸ், பேப்பர் மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் ஒரு மூலை மட்டும் எப்போதும் மங்கலாகவே வரும். ரசமட்டத்தைவிடக் கண்ணாடி நம்பகமானது. லென்ஸைக் கழற்றிவிட்டு, அடிப்பலகையில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை மேல்நோக்கி வையுங்கள். இன்னொரு சிறு கண்ணாடியின் நடுவில் ரசத்தை 5 மி.மீ. வட்டமாகச் சுரண்டி, நெகட்டிவ் இடத்தில் கீழ்நோக்கி வைத்து, அந்தத் துளை வழியே பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் தெரியும். அவை ஒரே மையத்தில் இருந்தால் சரி. ஒரு பக்கமாக வளைந்து ஓடினால், அது நேராகும்வரை தலைக்கு அடியில் மெல்லிய தகடு செருகுங்கள். பிறகு லென்ஸ் பலகையின் அடியிலும் கண்ணாடியை ஒட்டிப் பிடித்து இதையே செய்யுங்கள்.

நெகட்டிவ் கேரியருக்கு 3 மி.மீ. மங்கலான கறுப்பு அக்ரிலிக் இரண்டு, நடுவில் 25×37 மி.மீ. துளை. கண்ணாடி வேண்டாம். சென்னையின் ஈரக்காற்றில் கண்ணாடியும் ஃபிலிமும் ஒட்டி நியூட்டன் வளையங்கள் என்னும் வட்டக் கோடுகள் வந்துவிடும், எல்.இ.டி.யின் குறைந்த சூட்டில் நெகட்டிவ் வளைவதும் குறைவு. பேப்பரைத் தட்டையாகப் பிடிக்கும் ஈசலுக்கு ஓர் இரும்புத் தகடும் காந்தப் பட்டைகளும். தகட்டுக்கு மங்கலான கறுப்பு அடியுங்கள். வெள்ளையாக இருந்தால் பேப்பரை ஊடுருவிய ஒளி திரும்பி வந்து படத்தைக் கலைக்கும்.

டிரேக்களுக்கு எங்களுக்கு இடமும் இல்லை, விருப்பமும் இல்லை. 10×12 அங்குல டிரேயில் காற்றுபடும் பரப்பு ஏறத்தாழ 750 சதுர செ.மீ. நம் வெக்கையில், படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் வேகமாகப் பழுப்பாகிவிடும். அதற்குப் பதிலாகப் பேப்பரை நெட்டுக்குத்தாக இறக்கும் ஒல்லியான தொட்டி செய்யுங்கள். 5 மி.மீ. அக்ரிலிக்கில், உள் அகலம் 225, உயரம் 290, இடைவெளி 15 மி.மீ. 265 மி.மீ. உயரம்வரை ஊற்றினால் சுமார் 900 மி.லி. பிடிக்கும். காற்றுபடும் பரப்பு 34 சதுர செ.மீ. மட்டுமே. டெவலப்பர், ஸ்டாப் (டெவலப் ஆவதை நிறுத்துவது), ஃபிக்ஸர் (படத்தை நிலைக்கவைப்பது) என்று மூன்று அறைகளை அடுத்தடுத்து ஒட்டினாலும் மொத்தக் கனம் 65 மி.மீ.தான். அளவுகளைக் கொடுத்தால் அக்ரிலிக் கடையிலேயே வெட்டி ஒட்டித் தருவார்கள்.

இதில் இரண்டு சிக்கல் வரும். பேப்பர் சுவரில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் டெவலப்பர் போய்ச் சேராமல் வெளிறிய பட்டை விழும். அறைகளின் உள்சுவரில் 2 மி.மீ. கனத்தில் செங்குத்துக் கீற்றுகள் நான்கு ஒட்டச் சொல்லுங்கள், பேப்பரைக் கிளிப்பில் பிடித்து மேலும் கீழும் மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள். இன்னொன்று, அறைகளுக்கு இடையே கசிவு. டெவலப்பரில் ஃபிக்ஸர் சிறிது கலந்தாலும் அது வீண். புதுத் தொட்டியில் நடு அறைக்குச் சொட்டு நீலம் கலந்த தண்ணீரும் இரு பக்கமும் வெறும் தண்ணீரும் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். காலையில் பக்க அறைகளில் நீலம் தெரிந்தால் தொட்டியைக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போங்கள். ஊற்றும்போது ஓர் அறையை மட்டும் நிரப்பாமல் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஏற்றினால் நடுச் சுவர்களில் அழுத்தம் சமமாகி ஒட்டு நீடிக்கும்.

இந்தத் தொட்டியின் பெரிய லாபம் குளிர்விப்பதில் இருக்கிறது. அதை அப்படியே ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளிக்குள் நிறுத்தி, சுற்றிலும் 5 லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஃப்ரீசரில் உறைய வைத்த அரை லிட்டர் பாட்டில் ஒன்றைப் போடுங்கள். அரைக் கிலோ ஐஸ் உருகி முடிக்கையில் 32 டிகிரியில் இருக்கும் 5 லிட்டரைக் கணக்குப்படி 22-க்குக் கொண்டுவரும். உள்ளே இருக்கும் ரசாயனத்தையும் அது குளிரவைக்க வேண்டியிருப்பதால் நடைமுறையில் 24, 25-இல் நிற்கும். அது போதும். ஐஸைத் தொட்டிக்குள்ளேயே போடாதீர்கள், டெவலப்பர் நீர்த்துவிடும்.

20-க்கு இறக்கியே ஆகவேண்டும் என்பதில்லை. பேப்பரில் முதல் நிழல் தெரியத் தொடங்கும் வினாடியைக் குறித்துக்கொண்டு அதை 6-ஆல் பெருக்குங்கள், அதுதான் மொத்த நேரம். டெவலப்பர் சூடாக இருந்தால் நிழல் சீக்கிரம் தெரியும், நேரமும் தானாகக் குறையும். கணக்கு 45 வினாடிக்குக் கீழே போனால் டெவலப்பரை இன்னும் நீர்க்க வையுங்கள். அவ்வளவு சீக்கிரத்தில் நிறம் சமமாகப் பரவாது.

டெவலப்பருக்குக் கோடாக்கின் பழைய டி-72 இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. சுமார் 50 டிகிரி வெந்நீர் 500 மி.லி.-இல் மெட்டால் 3 கிராம், சோடியம் சல்ஃபைட் 45, ஹைட்ரோகுயினோன் 12, நீர் சேராத சோடியம் கார்பனேட் 68, பொட்டாசியம் புரோமைடு 2 கிராம், இதே வரிசையில் ஒன்று கரைந்த பிறகு அடுத்தது. பிறகு ஒரு லிட்டருக்கு நிரப்புங்கள். முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட் போட்டுவிட்டு மெட்டாலைப் போட்டால் அது நிறம் மாறாது. முழுச் சல்ஃபைட்டையும் முன்னாலேயே கொட்டினால் மெட்டால் எளிதில் கரையாது. சலவைச் சோடாப் படிகம் வாங்கினால் அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர், ஆகவே அதே வேலைக்கு 183 கிராம் வேண்டும். இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்துப் பயன்படுத்துங்கள், வெயில் காலத்தில் மூன்று பங்கு. வெள்ளைகள் சாம்பல் பூத்து வந்தால் லிட்டருக்கு இன்னொரு கிராம் புரோமைடு. மெட்டால் சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும், கையுறை இல்லாமல் தொடவேண்டாம்.

ஸ்டாப் பாத்துக்கு மளிகைக் கடை எலுமிச்சை உப்பு, லிட்டருக்கு 15 கிராம். ஃபிக்ஸருக்கு லிட்டருக்கு 250 கிராம் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) படிகம். கரையும்போது தண்ணீரைக் குளிரவைப்பது நமக்கு வசதிதான், ஆனால் ஆறிய தண்ணீரில் கரைய மறுக்கும், வெதுவெதுப்பில் கரையுங்கள். கூடவே 15 கிராம் சல்ஃபைட் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டாப்பிலிருந்து வரும் அமிலம் ஹைப்போவை உடைத்துக் கந்தகத்தைப் பிரித்துவிடும், கரைசல் வெள்ளையாகக் கலங்கும். ஆர்.சி. (பிளாஸ்டிக் பூச்சுள்ள) பேப்பருக்கு 3 முதல் 5 நிமிடம். எல்லாவற்றுக்கும் கேன் தண்ணீர். போர் தண்ணீரில் உள்ள கால்சியம், டெவலப்பரின் கார்பனேட்டோடு சேர்ந்து வெள்ளைத் துகளாகப் படியும்.

டைமரில் கவனிக்க வேண்டியது டிஸ்பிளே. நீல வெளிச்சமுள்ள எல்.சி.டி. பேப்பரைச் சாம்பல் பூக்கவைக்கும், சிவப்பு எண்கள் உள்ளதை வாங்குங்கள். மொபைலும் ஸ்மார்ட் வாட்சும் அறைக்கு வெளியே. சரியான எக்ஸ்போஷரைத் தேடும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பை 5, 10, 15 என்று ஏற்றாமல் 8, 10, 12.7, 16, 20, 25, 32 வினாடி என்று எடுங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒளி இரட்டிப்பாவது ஒரு ஸ்டாப்) கூடுதல் என்பதால் பட்டைகளுக்கு இடையே வித்தியாசம் ஒரே சீராகத் தெரியும்.

ஆர்.சி. பிரிண்ட்டை ஓடும் தண்ணீரில் 2 நிமிடம் கழுவி, கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிடலாம். ஃபேனை மட்டும் போடாதீர்கள், ஈரமான பரப்பில் தூசி ஒட்டிக் காய்ந்துவிடும். பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கிறது. அதைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒரு பிளாஸ்டிக் ஜாடியில் சேர்த்து இரும்புக் கம்பளியைப் போட்டு ஒரு வாரம் மூடி வையுங்கள். இரும்பு கரைந்து வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் படியும். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் இதற்கு உதவாது, சாதாரண இரும்பாக இருக்க வேண்டும்.